செக்ரோல், செக்கிங், செக்மேட்: ‘செக்’ என்ற ஆங்கில வினைச்சொல் வந்த வழி

உயர்தரத்தில் ஆங்கிலம் படிக்கும் ஒரு மகள் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கேட்டிருக்கிறார்: “எங்கள் தோட்டத்துச் செக்ரோல், வங்கியில் மாற்றுகிற செக், ரயிலில் நடக்கும் டிக்கட் செக்கிங், கட்டம் போட்ட செக் துணி, சதுரங்கத்தில் சொல்லும் செக், இதெல்லாம் ஒரே சொல்லா? ஒரே சொல் என்றால் இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது? பாடப் பகுதியில் வினைச்சொல்லாக வரும்போது எந்தப் பொருளை எடுப்பது?”

ஒரே சொல்தான், மகள். அத்தனையும் சதுரங்கப் பலகையிலிருந்து கிளம்பியவை. அதற்கும் பின்னால் போனால் பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற சொல்லில் போய் நிற்கும். நாம் முதலில் நினைக்கிற ‘சரிபார்’ என்ற பொருள் இந்தக் குடும்பத்தில் பிந்திப் பிறந்த பிள்ளை. மூத்த பொருள் ‘தடுத்து நிறுத்து’. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். ஆனால் கதையை முழுதாகச் சொல்ல எனக்கு ஆசை. ஏனென்றால் இதில் ஒரு கிளை, தொழிலாளரின் பெயரையும் வேலை நாளையும் பதியும் செக்ரோல் ஏடாக, நேராக நம் தோட்டத்து ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சதுரங்கம் சுமார் ஆறாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆடப்பட்டு, பாரசீகத்துக்குப் போய் ‘சத்ரங்க்’ ஆனது, அரபியரிடம் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தவர் ‘ஷா’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உன் அரசனைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போயிற்று. இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’, 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் ‘செக்’. அரசனுக்குப் போக வழியே இல்லாத நிலை ‘ஷா மாத்’. அதுதான் ‘செக்மேட்’. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’ என்ற ஆட்டத்தின் பெயர். ஆக, செக்கும் செஸ்ஸும் ஒரு சொல்லின் ஒருமையும் பன்மையும்.

இந்த ‘ஷா’ நமக்கு அந்நியமும் இல்லை. பழைய பாரசீகத்தில் அதன் வடிவம் ‘க்ஷாயதிய’. வடமொழியின் ‘க்ஷத்ர’, அதாவது ஆட்சி, அதிகாரம், இதே வேரிலிருந்து வந்தது. தமிழில் சத்திரியர் என்கிறோமே, அதில் இருப்பதும் அந்த வேர்தான்.

‘ஸ்காக்கஸ்’ எப்படி ‘எஸ்செக்’ ஆனது என்பதை மலையகத்தாருக்கு விளக்குவது சுலபம். தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்று எழுதினாலும் வாயில் ‘இஸ்டோரு’ என்றுதானே வருகிறது? சொல் ‘ஸ்’ என்று மெய்யெழுத்தில் தொடங்கினால் நம் நாக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. பழைய பிரெஞ்சுக்காரர்களும் அதையே செய்தார்கள், ‘இ’க்குப் பதில் ‘எ’ சேர்த்தார்கள். ‘ஸ்டேட்டஸ்’ என்ற லத்தீன் சொல் அவர்கள் வாயில் ‘எஸ்டாட்’ ஆனது. அது ஆங்கிலத்துக்குள் இரண்டு முறை நுழைந்தது: ‘எ’ உதிர்ந்து ‘ஸ்டேட்’, ‘எ’ நின்று ‘எஸ்டேட்’. நாம் வாழ்கிற எஸ்டேட் அதுவேதான். ‘எஸ்செக்’ விடயத்திலும் இந்த இரண்டும் நடந்தன. ‘எ’ உதிர்ந்தது ‘செக்’. அது நின்றது, இங்கிலாந்தின் அரச கருவூலத்தின் பெயரான ‘எக்ஸ்செக்கர்’. இடையில் வந்த எழுத்தர்கள் இது ‘எக்ஸ்’ என்று தொடங்கும் லத்தீன் சொல்லாக இருக்க வேண்டும் என்று எண்ணி ‘எஸ்’ஸை ‘எக்ஸ்’ ஆக்கிவிட்டார்கள்.

இப்போது வினைச்சொல். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது வினையாக ஆங்கிலத்தில் காணப்படுகிறது. சதுரங்கத்தில் செக் சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிராளி எவ்வளவு பெரிய திட்டத்தோடு குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு அரசனைக் காப்பாற்ற வர வேண்டும். ஓட்டம் சட்டென்று நிற்கிறது. அதனால் ‘செக்’ என்றால் பாய்ந்து தாக்கு, சட்டென்று நிறுத்து என்று பொருள் விரிந்தது. பருந்தை வைத்து வேட்டையாடியவர்கள், பறவை துரத்திய இரையை விட்டு நடுவில் திரும்பிவிட்டால் அதற்கும் இந்தச் சொல்லையே சொன்னார்கள். ஒருவரின் பேச்சையோ போக்கையோ நிறுத்துவதற்காகக் கண்டிப்பதும் ‘செக்’ ஆயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்தில் இந்தப் பொருள் சாதாரணம். 17-ஆம் நூற்றாண்டில் ‘அடக்கி வை, கட்டுக்குள் வை’ என்பது நன்றாக ஊன்றிக்கொண்டது. ‘ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்’ என்பது அந்த நூற்றாண்டின் முடிவில்தான் வருகிறது.

நிறுத்துவது எப்படிச் சரிபார்ப்பதாக மாறியது என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. அதைப் புரிந்துகொள்ள ஒரு மேசையைப் பார்க்க வேண்டும்.

12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. முதலாம் ஹென்றி மன்னரின் காலத்திலிருந்து கருவூலக் கணக்கு ஒரு பெரிய மேசையில் பார்க்கப்பட்டது. ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற கருவூல அதிகாரி அந்த நூற்றாண்டிலேயே அதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாதபடி ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் ஒரு கறுப்புத் துணி, அதில் ஒரு அடியோ ஒரு சாணோ இடைவெளி விட்டுக் கோடுகள். ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்ஸ், ஷில்லிங், பவுண்ட், இருபது, நூறு, ஆயிரம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வரி வசூலித்த ஷெரிஃப் வந்து ஒரு பக்கம் உட்காருவார், எதிரே கருவூலத்தார். வர வேண்டிய தொகையைக் காசுகளாக ஒரு வரிசையில் அடுக்குவார்கள், வந்த தொகையை அதன் கீழே அடுக்குவார்கள், மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழிப்பார்கள். மிச்சம் இருந்தால் ஷெரிஃப் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தறிவு குறைந்தவரும் தன் கணக்கைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது என்பதுதான் இந்த முறையின் பெரிய குணம் என்று நினைக்கிறேன்.

கட்டம் போட்ட அந்த மேசைக்குச் சதுரங்கப் பலகையின் பெயரே விழுந்தது. லத்தீனில் ‘ஸ்காக்காரியம்’, பிரெஞ்சில் ‘எஸ்செக்கியர்’. ஃபிட்ஸ்நீல் பெயர்க் காரணத்தையும் சொல்கிறார்: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவது போல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள். இன்றும் பிரிட்டனின் நிதியமைச்சருக்குப் பதவிப் பெயர் ‘சான்சலர் ஆஃப் த எக்ஸ்செக்கர்’. கட்டம் போட்ட துணிக்குச் செக் என்று பெயர் வந்ததும் சதுரங்கப் பலகையைக் குறித்த இந்தச் சொல்லின் வழியாகத்தான். அப்பாவின் கட்டச் சாரம் இந்தக் கிளையில் சேரும்.

அந்த மேசையில் பணம் கட்டியதற்கு ரசீது கடதாசியில் கொடுக்கப்படவில்லை. ஒரு குச்சியில் தொகைக்கேற்ப வெட்டுக்கள் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கட்டியவருக்குக் கொடுத்து மறுபாதியைக் கருவூலம் வைத்துக்கொள்ளும். பிறகு சந்தேகம் வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டுக்கள் பொருந்தினால் கணக்குச் சரி. யாராவது தன் பாதியில் ஒரு வெட்டுக் கூட்டிப் போட்டிருந்தால் அங்கேயே பிடிபடுவார். (இந்தக் குச்சிகள் 1826 வரை பாவனையில் இருந்தன. தேங்கிக் கிடந்த பழைய குச்சிகளை 1834 ஒக்டோபரில் அடுப்பில் போட்டு எரிக்கப் போய், லண்டன் பாராளுமன்றக் கட்டடமே எரிந்தது.)

நிறுத்துவதும் ஒப்பிடுவதும் கைகோக்கும் இடம் இப்படிப்பட்ட கணக்கு வேலைதான். ஒப்பிட்டுப் பார்ப்பது எதற்காக? மோசடியைத் தடுப்பதற்காக. கள்ளக் கணக்குக்குப் போடும் தடை ‘செக்’. பிறகு அந்தத் தடையைப் போடுவதற்காகச் செய்யும் வேலையே ‘செக்’ ஆகிவிட்டது. வங்கிச் செக்கும் இப்படிப் பிறந்ததே. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணப் பத்திரத்தோடு ஒட்டியிருக்கும் அடிக்கட்டைக்குத்தான் செக் என்று பெயர். தொகையைத் திருத்தினால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். நாளடைவில் பெயர் அடிக்கட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலில் பிரிட்டனில் எழுத்துக்கூட்டலும் வேறானது. அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டார்கள். நாம் பிரிட்டிஷ் வழி எழுதுகிறோம், தமிழில் காசோலை என்கிறோம்.

சரி, நம் செக்ரோலுக்கு வருவோம். இதைப் பலரும் ‘செக் பண்ணுகிற ரோல்’ என்று நினைக்கிறார்கள். அது பொருளுக்குக் கிட்டத்தான் நிற்கிறது, ஆனால் சொல்லின் பழைய வடிவம் ‘செக்கர் ரோல்’. எக்ஸ்செக்கரின் அதே ‘செக்கர்’. ரோல் என்பது சுருட்டி வைத்த தோல் ஏடு. அரண்மனையில் சம்பளத்துக்கு இருக்கும் பணியாளர்களின் பெயர்ப்பட்டியலுக்கு இங்கிலாந்தில் இப்படிப் பெயர். 1487-இல் ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டமொன்று அரண்மனைப் பணியாளர் என்றால் யார் என்று சொல்லும்போது, செக்கர் ரோலில் பெயர் பதியப்பட்டவர் என்றே குறிக்கிறது. பின்னாளில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் கட்டும் துறைகளிலும் தொழிலாளர் வரவைப் பதியும் அதிகாரிக்கு ‘செக் கிளார்க்’ என்ற பொருளில்தான் பதவிப் பெயர் இருந்தது. தோட்டங்களைத் திறந்த வெள்ளைக்காரத் துரைமார் அந்தச் சொல்லை இங்கேயும் கொண்டு வந்தார்கள்.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் பக்கமொன்றைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழே பெயர்கள். குறுக்கே 1 முதல் 31 வரை நாட்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முழு அல்லது அரை. காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பிரித்துவிட்ட மலைக்குப் போய், மடுவத்தில் கொழுந்தை எடை போட்டு, சொன்ன கிலோ வந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் பேர்களைக் கூட்டி, வலப்பக்கம் கழிவுகள்: தீபாவளி முற்பணம், சங்கத்துச் சந்தா, கோயில் பணம், சேமலாப நிதி. எல்லாம் போக மிஞ்சுவது கைக்கு வரும். ‘பேர் போட்டாச்சா?’ என்று வீட்டில் கேட்டால் சம்பளம் உண்டா என்று அர்த்தம். ஒரு நாள் உழைப்புக்கு ‘பேர்’ என்று பெயர் வந்ததே இந்த ஏட்டால்தான், ஏனென்றால் ஏட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய உழைப்பு உழைப்பாகக் கணக்கில் நின்றது. செக்ரோல் கிளாக்கர் அந்தக் கட்டங்களில் கை வைக்கும்போது நம் பெண்களின் கண் அந்தப் பேனாவிலேயே இருப்பதில் வியப்பில்லை. ஷெரிஃப் தன் கணக்கைக் கண்ணால் பார்க்க அந்தத் துணி உதவியது. நம் ஆட்களுக்கு அந்த வசதி நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஏடு ஆங்கிலத்தில் இருந்தது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இந்த ஏட்டில் ‘தடு’ என்ற பழைய பொருளும் சேர்ந்தே இருந்தது என்பதற்குச் சட்டமே சாட்சி. 1889-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, தோட்டத்துச் செக்ரோலில் பெயர் பதிந்து, அரிசியோ பணமோ முன்பணமாக வாங்கிய தொழிலாளி மாதாமாதம் தொடரும் ஒப்பந்தத்தில் கட்டுண்டவராகக் கொள்ளப்பட்டார். நினைத்த நாளில் கிளம்பிவிட முடியாது. பெயர் பதிவது சம்பளத்துக்கும் கணக்கு, காலுக்கும் கட்டு. அப்புறம் 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் விடாமல் இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சான்றாகவும் செக்ரோல் பதிவுகள் தேடப்பட்டன. ஆளைக் கட்டி வைத்த ஏடே, ஆள் இங்கேதான் இருந்தார் என்று சொல்லவும் தேவைப்பட்டது. இந்தச் சொல்லை வெறும் ஆபீஸ் சொல்லாக என்னால் கடந்து போக முடியாததற்கு இதுதான் காரணம்.

தடுப்பதும் சரிபார்ப்பதும் ஒரே இடத்தில் நிற்கும் இன்னொரு சொல் செக்பொயின்ட். யுத்த காலத்தில் பதுளையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கொழும்புக்கு பஸ் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஸ் நிறுத்தப்படும், எல்லோரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும், அதில் இருக்கும் பெயரையும் ஊரையும் ஒருவர் படிப்பார். முதலில் நிறுத்து, பிறகு பார். அந்த வரிசையில் நின்ற தமிழர் அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் உடம்பால் அறிந்தவர்கள்.

இனி உங்கள் பாடத்துக்கு வேண்டியது. வினைக்குப் பின்னால் வரும் செயப்படுபொருளைப் பாருங்கள். அது நகர்கிற, வளர்கிற, பரவுகிற ஒன்றாக இருந்தால் (தீ, நோய், கோபம், குதிரை, விலையேற்றம்) பெரும்பாலும் ‘தடு, அடக்கு’. அது தாளோ எண்ணோ தகவலோ என்றால் (டிக்கட், எழுத்துப்பிழை, எடை) ‘சரிபார்’. பின்னால் ‘இஃப்’, ‘வெதர்’, ‘ஃபோர்’ வந்தால் சந்தேகமே வேண்டாம், ‘பார்த்து உறுதிசெய்’ தான்.

பழைய கதைகளில் ‘ஹி செக்ட் ஹிம்செல்ஃப்’ என்று வரும். பிள்ளைகள் இதைத் ‘தன்னைச் சோதித்துக்கொண்டான்’ என்று எழுதுகிறார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று அடக்கிக்கொண்டான் என்பதுதான் அங்கே நடப்பது. இந்தத் தவறு பரீட்சையோடு நிற்பதில்லை. மலைச் சரிவில் மண்ணரிப்பைப் பற்றிய ஆங்கில அறிக்கைகளில் ‘டு செக் இரோஷன்’ என்று இருக்கும். கான் (வடிகால்) வெட்டுவதும் மானாப்புல் நடுவதும் மண் கழுவிப்போவதைத் தடுப்பதற்கு. அதை ‘மண்ணரிப்பைப் பரிசோதிக்க’ என்று தமிழில் போட்டால் படிக்கிற விவசாயி என்ன செய்வார்? ஓடையில் கட்டும் ‘செக் டாம்’ தடுப்பணை. தண்ணீர்க் குழாயில் போடும் ‘செக் வால்வு’ நீரைப் பின்னால் திரும்பவிடாமல் தடுப்பது. அரசியல் பாடத்தில் வரும் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்பதிலும் தடைதான், ஒரு துறை மற்றத் துறையை எல்லை மீறவிடாமல் பிடித்து வைப்பது.

அமெரிக்கப் பாவனைகள் சிலதையும் தெரிந்து வைத்திருங்கள். அங்கே சாப்பாட்டுக் கடை பில்லும் செக், பயணப் பொதியை ஒப்படைப்பதும் செக், நாம் ‘சரி போடு’ என்று சொல்லும் அடையாளமும் செக். அதனால் போனில் ‘செக் த பொக்ஸ்’ என்று வந்தால் பெட்டியைச் சோதிக்கச் சொல்லவில்லை, கட்டத்தில் சரி அடையாளம் போடச் சொல்கிறது. ஹோட்டலில் செக் இன் பண்ணுவது ஏட்டில் பெயர் பதிவது.

நம் பத்திரிகைகள் ‘ஆளுங்கட்சிக்குச் செக் வைத்த எதிர்க்கட்சி’ என்று தலைப்புப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைக் கொச்சை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சதுரங்கத்தில் பிறந்த பழைய பொருள் அதில் கொஞ்சமும் மாறாமல் இருக்கிறது.

கடைசியாக, உருவத்தில் ஒத்திருந்தாலும் உறவில்லாத மூன்று சொற்கள். செக் குடியரசு என்ற நாட்டின் பெயர் அந்த மக்களின் சொந்தப் பெயரிலிருந்து வந்தது. அரபு ‘ஷேக்’ மூத்தவர் என்று பொருள்படும் தனிச்சொல், ‘ஷா’வோடு சேர்க்க வேண்டாம். எள் ஆட்டும் செக்கு நம் தமிழ்ச் சொல். இந்தக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை.